குலசேகரத்தில் இருந்துகொண்டே ஐஐடி படிப்பு: முதலாண்டைப் பற்றி ஒரு மதிப்புரை

சென்னை ஐஐடி 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிமுகப்படுத்திய இணையவழிப் பட்டப்படிப்பின் முதல் கட்டமான அடித்தள நிலையை, குமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கொள்முதல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படித்து முடித்திருக்கிறேன். ஊரிலும் உறவிலும் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே கேட்கிறார்கள். இது கம்ப்யூட்டர் சயின்ஸ்தானா, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா, வீட்டில் உட்கார்ந்து படித்த பட்டத்தை யாராவது மதிப்பார்களா என்பவையே அவை. நாகர்கோவிலைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில், கல்லூரி வாசலை மிதிக்காமல் கணினி படிப்பது எதற்கு என்ற சந்தேகம் நியாயமானதுதான். அந்தச் சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டே, முதலாண்டில் என்ன கிடைக்கிறது, எது கடினம், எதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும் என்று இயன்றவரை விரிவாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான விடை, முழுக்க ஆம் அன்று. பட்டத்தின் பெயர் டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ், அதாவது தரவு அறிவியலும் அதன் பயன்பாடுகளும். அடித்தள நிலையில் கணிதம் இரண்டு தாள், புள்ளியியல் இரண்டு தாள், ஆங்கிலம் இரண்டு தாள், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் (கணினிக்கு ஏற்றபடி படிப்படியாகச் சிந்திப்பது), பைத்தான் என்ற நிரல்மொழி என எட்டுப் பாடங்கள்; மொத்தம் 32 கிரெடிட். ஆபரேட்டிங் சிஸ்டம், கணினியின் உள்ளமைப்பு, நெட்வொர்க் போன்ற, ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் தொடக்கத்திலேயே தொட்டுவிடும் பகுதிகள் இந்த எட்டில் இல்லை. அவற்றை எதிர்பார்த்துச் சேர்பவர்கள் முதலாண்டு முழுவதும் கணிதமும் புள்ளியியலும் மாறி மாறி வருவதைக் கண்டு ஏமாற்றம் அடையக்கூடும். ஆனால் நிரல் எழுதுவதற்கு முன்னால் சிந்தனையை ஒழுங்குபடுத்த வேண்டும், தரவைத் தொடுவதற்கு முன்னால் அதைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற அடிப்படையில் பார்த்தால், இந்த வரிசை சரியான வரிசை என்றே நினைக்கிறேன்.

சேர்வதற்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணிதமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, நான் பிளஸ் டூவில காமர்ஸ்தானே எடுத்தேன், என்னையும் சேர்ப்பாங்களா?" என்று தயங்கிக் கேட்டாள். சேர்ப்பார்கள்; நானும் வணிகவியல் படித்தவள்தான். விண்ணப்பித்தவர்களுக்கு நான்கு பாடங்களின் நான்கு வாரப் பகுதியை முதலில் திறந்துவிடுகிறார்கள். அதைப் படித்து, வாரந்தோறும் வரும் பயிற்சிகளை எழுதி, பிறகு தேர்வு மையத்துக்கு நேரில் சென்று ஒரே நாளில் நான்கு பாடங்களுக்கும் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பொதுப் பிரிவினர் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதமும் சராசரியாக 50 சதவீதமும் பெற வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இந்த வரம்புகள் குறைவு. வரம்பைத் தாண்டிய அனைவருக்கும் இடம் உண்டு. இத்தனை சீட்டுதான், இவர் வந்தால் அவர் வெளியே என்ற கணக்கே கிடையாது. எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருந்தது. பள்ளி முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களை ஒரு நாள் நுழைவுத் தேர்வில் வடிகட்டிவிடாமல், இந்தப் பாடத்தை இந்த வேகத்தில் உங்களால் படிக்க முடிகிறதா என்று நான்கு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டே உள்ளே விடுகிறார்கள்.

உள்ளே போன பிறகு எல்லாவற்றையும் தீர்மானிப்பது வாரக் கணக்கு. ஆண்டுக்கு மூன்று டெர்ம். ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் தொடங்கும். ஒவ்வொரு டெர்மிலும் பன்னிரண்டு வாரப் பாடம். வாரந்தோறும் ஒவ்வொரு பாடத்துக்கும் வீடியோக்கள் வெளியாகும், கூடவே மதிப்பெண் உள்ள ஓர் அசைன்மென்ட் வரும், அதற்கு ஒரு கெடு இருக்கும். கெடு தாண்டினால் தாண்டியதுதான். தொடக்க வாரங்களின் அசைன்மென்ட் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இறுதித் தேர்வு எழுதவே அனுமதி கிடைக்காது. ஆகவே, தேர்வுக்கு முந்தின பத்து நாள் விழுந்து விழுந்து படித்துக் கரையேறலாம் என்ற நம் கல்லூரிப் பழக்கம் இங்கே செல்லாது. ஒரு பாடத்துக்கு வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் ஒதுக்குங்கள் என்று நிறுவனமே சொல்கிறது. நான்கு பாடம் எடுத்தால் நாற்பது மணி நேரம். அதாவது இன்னொரு முழுநேர வேலை. இதைச் சேரும்போது யாரும் மனதில் வாங்குவதில்லை. வீடியோ பத்து பதினைந்து நிமிடம்தானே ஓடுகிறது, இதற்கென்ன பத்து மணி நேரம் என்று தோன்றும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் சொன்ன ஒரு கணக்கைத் தாளில் தானாகப் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும் என்பது மூன்றாம் வாரத்தில்தான் விளங்கும்.

அந்தக் காரணத்தால் எத்தனை பாடம் எடுப்பது என்பதே முதலாண்டில் ஒரு மாணவர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு. வேலைக்குப் போகிறவர்கள் முதல் டெர்மில் இரண்டு பாடமோ, மிஞ்சினால் மூன்றோ எடுத்தால் போதும். அடித்தள நிலையை ஓராண்டிலேயே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாண்டு வரை இழுத்துக்கொண்டு போகலாம். கட்டணமும் எடுக்கும் பாடங்களுக்கு மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று நான்கு பாடங்களை அள்ளிக்கொண்டு, இரண்டில் தவறி, மறுபடியும் பணம் கட்டிப் படிப்பவர்களை நிறையவே பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவு என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். வாரத்தில் மணி நேரம் குறைவு, அவ்வளவுதான்.

பாடங்களில் என் மனத்தில் முதலிடம் கம்ப்யூட்டேஷனல் திங்கிங்குக்கு. பேராசிரியர் ஜி. வெங்கடேஷும், சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த பேராசிரியர் மாதவன் முகுந்தும் எதிரெதிரே அமர்ந்து பேசிக்கொண்டே நடத்தும் பாடம் இது. கணினியே இல்லாமல் கணினி கற்பிக்கிறார்கள். மாணவர்களின் மதிப்பெண் அட்டைகள், கடை பில்கள், ஒரு பத்தியின் சொற்கள் ஆகியவற்றை அட்டைகளாக அச்சிட்டு மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்து, குறித்துக்கொண்டு, அடுத்த அடுக்குக்கு நகர்த்துகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண் யாருக்கு, இந்தக் கடையில் சராசரியாக எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அட்டைகளை வைத்தே விடை காண்கிறார்கள். அதன் பிறகு அந்தச் செயலைப் பாய்வுப் படமாகவும், கடைசியில் சூடோகோடாகவும், அதாவது நிரலைப் போன்ற எளிய வரிகளாகவும், எழுதச் சொல்கிறார்கள். லூப், மாறி, நிபந்தனை என்ற சொற்கள் வருவதற்கு முன்னரே அவற்றின் பொருள் கைக்கு வந்துவிடுகிறது.

இது எவ்வளவு உறுதியான பாடம் என்பதை என் வேலையிலிருந்தே ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ரப்பர் ஷீட் கொண்டுவருபவர்களுக்கு எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். கூட்ட நேரத்தில் ஒரே ஆளின் ஒரே நாள் சரக்குக்கு இரண்டு சீட்டு விழுந்துவிடுவது உண்டு. முப்பது சீட்டுகளில் அப்படி இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்க்க, முதல் சீட்டை மற்ற இருபத்தொன்பதுடனும், இரண்டாவதை மிச்சமுள்ள இருபத்தெட்டுடனும் ஒப்பிட்டுக்கொண்டே போனால் மொத்தம் 435 ஒப்பீடுகள். அதே முப்பதையும் முதலில் தேதிவாரியாகப் பிரித்து, மூன்று தேதிகளுக்குப் பத்துப் பத்தாக அமைந்தால், ஓர் அடுக்குக்கு 45 வீதம் 135 ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும். பிரித்து வைத்தால் சுலபம் என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு சுலபம், சீட்டுகள் முந்நூறானால் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதாகும் என்று எண்ணிச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பாடம்தான். அடுத்த டெர்மில் பைத்தானில் டிக்ஷனரி (ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய தகவலை எடுத்துத் தரும் அமைப்பு) வந்தபோது, ஒப்பீடே வேண்டாம், பெயரையும் தேதியையும் சேர்த்துச் சாவியாக வைத்துக்கொண்டு முப்பது சீட்டையும் ஒருமுறை புரட்டினால் போதும், ஏற்கனவே இருக்கும் சாவி மறுபடியும் வந்தால் அதுதான் இரட்டிப்பு என்று தெரிந்தது. இப்போது கடையில் மாதக் கணக்கைச் சரிபார்ப்பது அப்படி எழுதிய ஒரு சிறு நிரல்தான். ஒரு படிப்பு முதலாண்டிலேயே இந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கணிதம் 1 பள்ளிப் பாடத்தின் தொடர்ச்சியாகவே தொடங்குகிறது. கணங்கள், நேர்கோடுகள், இருபடிச் சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள், மடக்கைகள் என்று நமக்குத் தெரிந்த பெயர்களாகவே வரும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர்களே ஆங்கிலத்தில் வருவதுதான் முதல் தடை. எனக்கு உதவியது ஒரு நோட்டு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல். குவாட்ராட்டிக் என்றால் இருபடி என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது, ஏனென்றால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுக்காதவர்களுக்கு மடக்கையும் சார்புகளும் வரும் வாரங்கள்தான் பாரமாக இருக்கும். அந்த வாரங்களுக்கு மட்டுமாவது பழைய பள்ளிப் பாடநூலை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது; நம் மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

புள்ளியியல் 1 பேராசிரியர் உஷா மோகன் நடத்துவது. நிதானமாக, ஒவ்வொரு கருத்துக்கும் உதாரணம் சொல்லி நடத்துகிறார். விரைவாகப் போகவேண்டும் என்று துடிப்பவர்களுக்குச் சற்றே மெதுவாகத் தோன்றலாம், எனக்கு அந்த நிதானமே தேவைப்பட்டது. தரவு என்பது என்னென்ன வகைப்படும் என்ற தொடக்கப் பகுதியை எளிதென்று நினைத்துப் பலரும் தாண்டிப் போகிறார்கள். புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டுகளை ஆர்எஸ்எஸ் (ரிப்டு ஸ்மோக்டு ஷீட்) 1 முதல் ஆர்எஸ்எஸ் 5 வரை தரம் பிரிக்கிறோம். அந்த எண்களுக்கு வரிசை உண்டு, ஒன்று நல்லது, ஐந்து மட்டம். ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளியும் சமம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இந்த வாரம் வந்த சரக்கின் சராசரித் தரம் 3.6 என்று எழுதுவதற்குப் பொருளே கிடையாது. வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் தரம் எது என்று வேண்டுமானால் சொல்லலாம். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற விலையின் கதை வேறு. அதைக் கூட்டலாம், வகுக்கலாம், இரு மடங்கு என்று சொல்லலாம். இந்த வேறுபாடு தெரியாமல் எக்செல்லில் எதை வேண்டுமானாலும் சராசரி எடுத்துவிட முடியும் என்பதால்தான் இது இவ்வளவு முக்கியமாகிறது. பாடத்தின் பிற்பாதி நிகழ்தகவு. நிபந்தனை நிகழ்தகவு (ஒன்று நடந்தது தெரிந்த பிறகு இன்னொன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது) வந்ததும் வேகம் குறைந்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரங்களில் மற்றப் பாடங்களிலிருந்து சில மணி நேரத்தைக் கடன் வாங்கியாவது இதற்குக் கொடுக்க வேண்டும். காரணம், புள்ளியியல் 2 முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

பைத்தான் பாடத்தை ஐஐடி ரோபரைச் சேர்ந்த பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் நடத்துகிறார். நண்பரிடம் பேசுவதைப் போல உற்சாகமாகப் பேசுவார். கணினியைக் கண்டால் ஒதுங்குபவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் வீடியோவில் அவர் எழுதுவதைப் பார்த்துத் தலையாட்டுவதற்கும், வெற்றுத் திரையில் நாமே எழுதுவதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதை அளந்து காட்டுவது ஆப்பி என்று மாணவர்கள் சொல்லும் நிரல் தேர்வு. வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில், குறிப்பிட்ட நேரத்துக்குள் நிரல் எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் பார்க்கக்கூடிய சோதனைகள் சில, பார்க்க முடியாதவை சில. இரண்டிலும் நிரல் சரியான விடை தர வேண்டும். வெற்றுப் பட்டியல் வந்தால் என்ன ஆகும், ஒரே எண் இருமுறை வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதவர்களின் நிரல், பார்க்க முடிந்த சோதனைகளில் தேறி மறைந்திருக்கும் சோதனைகளில் விழும். இதற்கு ஒரே வழி, தினமும் ஒரு சின்ன நிரலாவது யாருடைய உதவியும் இல்லாமல் எழுதுவது. கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. சாதாரண மடிக்கணினி ஒன்று கட்டாயம் வேண்டும்.

இங்கேதான் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு மழைக்காலம். மே மாதம் தொடங்கும் டெர்ம் முதல் மழையிலும், செப்டம்பர் டெர்ம் இரண்டாவது மழையிலும் மாட்டிக்கொள்ளும். குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு இடையே மின்கம்பி போகும் இடங்களில், காற்று அடித்தால் ஒரு கிளை முறிந்து விழுவது போதும், கரண்டு போய்விடும். கூடவே இணையமும் போகும். நான் பைத்தான் எடுத்தது செப்டம்பர் டெர்மில். நிரல் தேர்வு நாளன்று மதியத்திலிருந்தே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மக்களே, கரண்டு போறதுக்கு முன்ன சார்ஜ் போட்டு வை" என்றார். தேர்வு தொடங்கிய சிறிது நேரத்தில் கரண்டு போனது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது, மோடத்துக்கு இன்வெர்ட்டர் இருந்தது, அதுவும் நின்றால் இருக்கட்டும் என்று கைப்பேசியில் வேறு நிறுவனத்தின் இணையம் தயாராக இருந்தது. அதனால் தேர்வை முடிக்க முடிந்தது. மலையோரப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இந்த மூன்று ஏற்பாடும் ஆடம்பரம் அல்ல. முடிந்தால் பைத்தானை ஜனவரி டெர்முக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். அப்போது மழை இல்லை. ரப்பர் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அந்த மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்து, பால் குறைந்து, வெட்டு நிறுத்திவிடுவதால் கடையிலும் வேலை குறைவாக இருக்கும்.

எழுத்துத் தேர்வுகள் அனைத்தும் நேரில்தான். ஒவ்வொரு டெர்மிலும் இரண்டு க்விஸ், ஓர் இறுதித் தேர்வு. நான் தேர்ந்தெடுத்த மையம் திருவனந்தபுரம். குலசேகரத்திலிருந்து பேருந்தில் மார்த்தாண்டம், குழித்துறை நிலையத்திலிருந்து ரயில், பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதில் போய்விடும். அனுமதிச் சீட்டும் அசல் அடையாள அட்டையும் சரிபார்த்து உள்ளே விடுகிறார்கள். கணினித் திரையில் கேள்விகள், கணக்குப் போட வெற்றுத் தாள். பள்ளி முடித்த பிள்ளைகளும், அலுவலகப் பையுடன் வந்தவர்களும், நரைத்த தலையுள்ள ஓரிருவரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது, இந்தப் படிப்பு யாருக்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலே புரியும்.

வீட்டில் படித்த பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்ற மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லும் பதில் இந்தத் தேர்வு முறைதான். வார அசைன்மென்ட்டுகளின் விடைகளைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள் எங்கும் இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு விடை தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றை நம்பிப் படித்தவர் முதல் க்விஸ் அன்று, தாளும் பேனாவும் தவிர வேறெதுவும் இல்லாமல் திரையின் முன் அமரும்போது வெளியே தெரிந்துவிடுவார். சான்றிதழில் இருக்கும் கிரேடு அந்தத் திரையின் முன்னால் சம்பாதித்தது. முழுக்க வீட்டிலிருந்தே தேர்வெழுதும் படிப்புகளைவிட இதை நான் உயர்வாக வைப்பது இதனால்தான். திருவனந்தபுரம் போய்வரும் அலைச்சலை அதற்காக மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

கணிதம் 2, புள்ளியியல் 2 இரண்டும் அடித்தள நிலையின் மிகக் கடினமான பாடங்கள். முன்னதில் அணிகள், அணிக்கோவைகள், காஸியன் நீக்கல், வெக்டர் வெளிகள், அதன் பிறகு பல மாறிகள் உள்ள நுண்கணிதம். காஸியன் நீக்கல் வரைக்கும் கை வேலை. வரிசையாகக் கழித்துக்கொண்டு போனால் விடை வரும். வெக்டர் வெளி, அடிப்படைக் கணம், தரம் என்று வரும்போதுதான் கையை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. தேர்வில் எண்ணை மட்டும் விடையாகத் தட்டச்சு செய்யும் கேள்விகள் நிறைய வரும். அவற்றில் வழிமுறைக்கு மதிப்பெண் கிடையாது, கடைசி வரியில் ஒரு குறி மாறிப்போனாலும் பூஜ்யம்தான். பள்ளியில் வழிமுறைக்கு மதிப்பெண் வாங்கிப் பழகிய நமக்கு இது கடுமையாகத் தோன்றும். ஒவ்வொரு விடையையும் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே வைத்துக்கொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

புள்ளியியல் 2 பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ் நடத்துவது. கூட்டுப் பரவல்கள், மதிப்பிடுதல், கருதுகோள் சோதனை என்று போகிறது. சிக்கலான கருத்தை எளிதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக அதன் சிக்கலை அவர் மறைப்பதில்லை. அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன், ஆனால் அதன் விலையாக ஒரே வீடியோவை இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டியிருக்கிறது. நான் இந்த இரண்டு பாடங்களை மட்டும் ஜனவரி டெர்மில் எடுத்தேன், வேறெதையும் சேர்க்கவில்லை. வேலையில் இருப்பவர்கள் இவ்விரண்டுடன் மூன்றாவதாக எதையும் எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டையும் தனித்தனி டெர்மில் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஆங்கிலம் இரண்டு தாள்களையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிகள், இலக்கணம், கேட்டல், பேசுதல் என்று ஒழுங்காக நடத்துகிறார்கள், பரீட்சையும் பயமுறுத்துவதில்லை. ஆனால் தமிழ்வழியில் வந்தவர்கள் ஆங்கிலம் 1 பாடத்தை முதல் டெர்மிலேயே எடுப்பது நல்லது, மற்றப் பாடங்களின் வீடியோக்களைக் கேட்கும் காது அதில் பழகிவிடும்.

மொழியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரிவுரை, கேள்வித்தாள், நேரலை வகுப்பு எல்லாமே ஆங்கிலம். நமக்குக் கணிதம் தெரியாததால் கேள்வி புரியாமல் போவது வேறு, கேள்வியின் வாக்கியம் புரியாமல் போவது வேறு. முதலாண்டில் தமிழ்வழி மாணவர் இழக்கும் மதிப்பெண்களில் ஒரு பகுதி இரண்டாவது வகை. நிகழ்தகவுக் கேள்விகளில் அட் லீஸ்ட் (குறைந்தது), அட் மோஸ்ட் (அதிகபட்சம்), எக்ஸாக்ட்லி (சரியாக) என்ற மூன்று சொற்களை மாற்றிப் புரிந்துகொண்டால் போட்ட கணக்கு முழுவதும் வீண். பயிற்சிக் கேள்விகளைத் தீர்ப்பதற்கு முன்னால், கேட்டிருப்பது என்ன என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குவது மெதுவான வழியாகத் தோன்றினாலும், சில வாரங்களில் அது தேவைப்படாத அளவுக்கு வாக்கியங்கள் பழகிவிடும். மாலை நேரங்களில் நடக்கும் நேரலை வகுப்புகளில் சந்தேகம் கேட்கலாம். கேமராவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படுபவர்கள் தட்டச்சு செய்து கேட்கலாம், பதில் சொல்கிறார்கள்.

தனிமை இந்தப் படிப்பின் உண்மையான குறை. கல்லூரியில் பக்கத்து இருக்கைக்காரரின் நோட்டை எட்டிப் பார்த்தாலே தீர்ந்துவிடும் சந்தேகம், இங்கே இரவு பத்து மணிக்கு நம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும். இதை எந்த இணையதள வசதியும் முழுதாக ஈடுசெய்யாது. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பகுதிகளில் இதே பாடம் எடுத்திருக்கும் ஒருவரையாவது தேடிப் பிடித்து, வாரம் ஒருமுறை நேரிலோ தொலைபேசியிலோ பேசி வைத்துக்கொண்டால் டெர்மின் நடுவில் விட்டுவிடும் எண்ணம் வராது. குழித்துறையில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அதே அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருந்த ஒரு தங்கச்சியைச் சந்தித்தேன். அதன் பிறகு இருவரும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தொலைபேசியில் கணக்குப் போட்டோம். அவள் கேட்ட கேள்விகளுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு நிபந்தனை நிகழ்தகவு ஒழுங்காகப் புரிந்தது.

செலவைப் பொறுத்தவரை, டெர்ம்தோறும் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம் கட்டுவதால் மொத்தமாகக் கடன் வாங்க வேண்டிய நிலை வராது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கும் 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழ்களைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும், விண்ணப்பக் கெடுவுக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது. அடித்தள நிலையோடு நின்றுகொள்கிறவர்களுக்கும் அதற்கான சான்றிதழ் கிடைக்கும். தொடர்ந்தால் டிப்ளமோ, பிஎஸ்சி, நான்காண்டு பிஎஸ் என்று படிப்படியாகப் போகலாம். வேறு கல்லூரியில் பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம் என்பதால், இங்கேயே கலை அறிவியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இரண்டு இடத்துத் தேர்வுகளும் ஒரே வாரத்தில் மோதும் என்பதை நாட்காட்டியில் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

விடிகாலையில் ரப்பர் வெட்டி, பகலில் கூலி வேலைக்கும் போகிற ஒருவர் என்னிடம் கேட்டால், முதல் டெர்மில் கம்ப்யூட்டேஷனல் திங்கிங் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்வேன். கணினி வேலை உடனே வேண்டும், ஆறு மாதத்தில் சம்பளம் வேண்டும் என்பவருக்கு இந்தப் படிப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். முதலாண்டு தருவது அடித்தளம் மட்டும்தான். வாரத்தில் இருபது மணி நேரத்தை உறுதியாக ஒதுக்க முடிகிறவர்களுக்கும், வீட்டில் அந்த நேரத்தில் யாரும் வேறு வேலை சொல்லாமல் பார்த்துக்கொள்ள முடிகிறவர்களுக்கும் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே இருக்கின்றன; முதல் இரண்டு வாரத்துப் பாடத்தைப் பார்த்து, அட்டைக்குப் பதிலாக உங்கள் வீட்டு மளிகை பில்களையே எடுத்து வைத்துச் செய்து பாருங்கள்.